இராவணனின் நாணம்: ஒரு சொல்லும் மொழிபெயர்ப்பும்

கம்பனின் இராவணன் வீழ்ந்தது காமத்தாலா, மானத்தாலா என்னும் வினா பட்டிமன்ற மேடைகளில் தேய்ந்துபோன ஒன்று. திறனாய்வாளர் பலரும் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டனர். இரண்டுக்கும் இடம் தர விரும்பியோர், முதலில் காமம், போர் தொடங்கியபின் மானம் எனக் காலவரிசைப்படுத்தி அமைதி கண்டனர். மூலத்தின் சொல்லாட்சி அவ்வளவு எளிதில் வரிசைக்கு அடங்குவதாக இல்லை.

இவ்விரு சொற்களையும் எதிரெதிரே நிறுத்தியது பிற்காலத் திறனாய்வு அன்று. காப்பியமே அதனைச் செய்கிறது. இலங்கை எரியுண்டபின் கூடிய அவையில், அண்ணனின் பேச்சில் மானமும் நெஞ்சில் காமமும் இருக்கும் முரணைக் கும்பகருணன் இடித்துரைக்கிறான். எனினும் இது ஒரு பாத்திரத்தின் கணிப்பு. அதனைக் கவியின் தீர்ப்பாகக் கொள்வதில்தான் பிழை தொடங்குகிறது.

முதல்நாட் போரில் படைக்கலம் இழந்து, இராமனால் உயிரோடு விடுக்கப்பட்டு மீளும் இராவணனிடத்து மூன்றாவது சொல் ஒன்று அமைகிறது: நாணம். விண்ணும் மண்ணும் பகைவரும் நகுவதற்கு அவன் நாணவில்லை. சானகி நகுவாள் என்பதற்கே நாணுகிறான். ஒரே வேர் முதலில் எதிர்மறையிலும் பின்னர் உடன்பாட்டிலும் வருவது தற்செயல் அன்று. தோற்றதால் வரும் இழிவுணர்வு மானத்தைச் சார்ந்தது. அவ்விழிவை எவருடைய கண்கொண்டு அளப்பது என்னும் தேர்வோ காமத்தைச் சார்ந்தது. இரண்டும் இங்கே பிரிக்க இயலாதபடி ஒரு சொல்லுள் கலந்துள்ளன.

இச்சொல்லுக்கு அத்தகைய வரலாறும் உண்டு. திருக்குறளில் மானம் 97-ஆம் அதிகாரம். நாணுடைமை 102-ஆம் அதிகாரம். இரண்டும் பொருட்பாலில் உள்ளன. ஆனால் 114-ஆம் அதிகாரமாகிய நாணுத்துறவுரைத்தல் காமத்துப்பாலுக்கு உரியது. அங்குத் தலைவன் காமத்தால் நாணை இழந்து மடலேறத் துணிகிறான். இராவணனோ காமத்தால் நாணைப் பெறுகிறான். அகமரபின் இத்தலைகீழாக்கத்தைத் தமிழ் வாசகர் உணர்வர். ஆங்கிலத்தில் 'ஷேம்' என்று பெயர்த்தால் வெட்கமும் மானக்கேடும் நாணமும் ஒன்றாகிவிடும். இந்தி 'லஜ்ஜா' பெண்ணின் கூச்சம் என்னும் சாயலை ஏற்றிவிடக்கூடும். ஒற்றைச் சொல்லைத் தேடி அலைவதைவிட, நாணாமை–நாணுதல் என்னும் எதிர்நிலைத் தொடரமைப்பைக் காப்பதே இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளர் செய்யத்தக்கது.

இந்திரசித்து மாண்டபின் சீதையை வெட்டச் செல்லும் இராவணனை மகோதரன் தடுக்கும் இடத்தையும் இதனோடு வைத்துப் படிக்க வேண்டும். பெண்ணைக் கொன்றால் மும்மூர்த்திகளும் கைகொட்டிச் சிரிப்பர் என்பது அவன் கூறும் காரணங்களுள் ஒன்று. முன்பு வானோர் நகைப்பைப் பொருட்படுத்தாதவனிடம் இப்போது அவர்தம் சிரிப்பு எடுபடுகிறது. நகுவாள் என அஞ்சப்பட்டவளையே கொல்லத் துணிந்தபின் எஞ்சியிருப்பது அந்தச் சிரிப்புத்தான். காமமும் மானமும் பிரிவதாகக் கொள்ளத்தக்க இடம் போரின் தொடக்கம் அன்று, இதுவே. காமம் முற்றும் அற்றதெனத் துணிந்துரைக்க இங்கும் இயலாது என்பது வேறு.

வான்மீகத்தில் தடுப்பவன் சுபார்சுவன். பெண்கொலை தகாது என்பதோடு, இராமனைக் கொன்றபின் மைதிலியை அடையலாம் என்ற நம்பிக்கையையும் அவன் தருகிறான்; தேவர்களின் சிரிப்பை அவன் துணைக்கு அழைப்பதில்லை. கம்பனில் முன்னது 'நகு', பின்னது 'சிரி' என வினை மாறுகிறது. மொழிபெயர்ப்பாளர் முன்னதை ஏளனம் என்றும் பின்னதைக் களிப்பு என்றும் பிரித்துவிட்டால், இவ்விரு காட்சிகளையும் இணைக்கும் இழை அறுந்துபோகும்.