சொல்லும் குரலும்

நீர்க்குடத்தைப் போட்டு உடைத்துவிட்டு நிற்கும் சிறுவனைப் பார்த்துத் தாய், "நல்ல பிள்ளையப்பா நீ!" என்கிறாள். அச்சொற்களில் ஒன்றிலேனும் வசை இல்லை. ஆயினும் சிறுவன் தலை குனிகிறான். ஐந்து வயதுப் பிள்ளைக்கு விளங்கும் இந்தக் குரலின் பொருள், ஐந்தாண்டு இலக்கியம் பயின்ற மாணவனுக்குச் செய்யுளைக் கண்டதும் விளங்காமற் போவது ஏன்? பதவுரை, பொழிப்புரை, இலக்கணக் குறிப்பு என்னும் மூன்று படிகளில் ஏறி இறங்கியதும் பாட்டு முடிந்துவிட்டது என்று கருதும் வழக்கமே காரணம். சொல்லுக்குப் பொருள் எழுதப்படுகிறது. சொன்னவர் யார், யாரிடம் சொன்னார், எந்த மனநிலையில் நின்று சொன்னார் என்பது எழுதப்படுவதில்லை.

இதனைத் தொனி என்று வழங்குவாரும் உளர். வடமொழி அணிநூலாருள் 9ஆம் நூற்றாண்டினரான ஆனந்தவர்த்தனர் கையாண்ட அச்சொல், குறிப்பாற் புலப்படும் பொருள் அனைத்தையும் தழுவி நிற்பது. குரலின் சாயல் அதனுள் ஒரு கூறே ஆகும். ஆங்கிலத் திறனாய்வாளர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் 1929இல் வெளியிட்ட நூலில் பொருளை நான்காகப் பகுத்து, கேட்போனிடம் சொல்வோன் கொள்ளும் மனப்பாங்கை அவற்றுள் ஒன்றாக வைத்தார். தமிழ் இலக்கணிகளும் இதனைக் காணாதவர் அல்லர். அவர்கள் அதனை இடைச்சொற்களில் கண்டனர். ஓகாரத்திற்குத் தொல்காப்பியர் ஆறு பொருள் வகுத்தார்; நன்னூலார் எட்டாக்கினார். "உண்ணவோ அமர்ந்தாய்?" என்னும்போது, உண்ண அமரவில்லை, வேறு எதற்கோ அமர்ந்தாய் என்ற எஞ்சிய பொருளை அந்த ஓரெழுத்தே சுமக்கிறது. ஒழியிசை என்று அதன் பெயரை மனப்பாடம் செய்யும் மாணவன், அது ஒரு குரலுக்கு இடப்பட்ட பெயர் என்பதை அறிவதில்லை.

குரலே பாட்டாகி நிற்பதற்குப் புறநானூற்றின் 95ஆம் பாட்டை விஞ்சிய சான்று அரிது. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையாருக்கு, அவன் தன் படைக்கொட்டிலைக் காட்டினான். எதற்காகக் காட்டினான் என்பது வெளிப்படை. ஔவையாரும் படைக்கலங்களைப் பாடினார். இங்குள்ளவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தப்பெற்று, நெய் பூசப்பெற்று, காவல் மிகுந்த அகன்ற மனையில் இருக்கின்றன. அங்குள்ளவையோ பகைவரைக் குத்தியதால் கங்கும் நுனியும் சிதைந்து, எப்போதும் கொல்லனுடைய சிறு பட்டறையில் கிடக்கின்றன என்பது அவர் பாடிய செய்தி.

பொழிப்புரையளவில் தொண்டைமான் வேல்கள் அழகியவை, அதியமான் வேல்கள் பழுதுபட்டவை. இவ்வாறு எழுதும் மாணவன் சொற்பொருளில் பிழை செய்யவில்லை. பாட்டை முற்றும் இழந்துவிட்டான். வஞ்சப்புகழ்ச்சி என்று பெயர் சூட்டி அடுத்த பாட்டுக்குப் போய்விடும் ஆசிரியர் சற்று மேம்பட்டவர், அவ்வளவே. தண்டியலங்காரம் இதனை இலேச அணியுள் அடக்கும். பெயர் தெரிந்ததால் குரல் கேட்டுவிட்டதாகாது.

ஔவையார் நின்ற இடத்தை எண்ண வேண்டும். அவர் தூதர். பகைவன் அரண்மனையில், அவன் படைக்கலங்களின் நடுவே நிற்கிறார். அங்கு நின்று, உன் படை போர் அறியாதது என்று வெளிப்படச் சொன்னால் தூது கெடும். அவர் குரலில் சினமோ ஏளனமோ தோன்றக் கூடாது. கண்டதைக் கண்டவாறு வியக்கும் விருந்தினரின் குரலாகவே அது இருக்க வேண்டும். பாட்டும் அவ்வாறே நடக்கிறது. அண்மைச் சுட்டால் முன்னிருப்பவற்றைக் காட்டுகிறார். சேய்மைச் சுட்டால் தொலைவில் உள்ளவற்றைக் காட்டுகிறார். பட்டறையில் 'என்றும்' கிடப்பதாகச் சொல்லும்போது, ஐயோ, எங்கள் வேல்களுக்கு ஓய்வே இல்லையே என்று குறைப்பட்டுக்கொள்வது போன்ற ஒரு பாவனை. தொண்டைமான் சினங்கொள்ள எண்ணினால், முதலில் பாட்டின் உட்பொருள் தனக்கு விளங்கிவிட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இடித்துரையை ஔவையார் சொல்லவில்லை. அவனே எடுத்துக்கொள்ளும்படி அவன் முன் வைத்தார்.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. அந்தச் சிதைந்த வேல்கள் யாருடையவை என்பது பாட்டின் இறுதியில்தான் வருகிறது. அங்கும் அவனது வீரத்தைப் பேசாமல், உணவு உள்ளபோது பிறர்க்கு அளிப்பவன், இல்லாதபோது உள்ளதை உடனிருந்து உண்பவன், வறியோர் சுற்றத்துக்குத் தலைவன் என்று மட்டும் சொல்கிறார். செல்வம் கொழிக்கும் மாளிகையில் நின்று இதனைச் சொல்லும்போது குரல் ஒரு படி தாழ்ந்து, பாவனை நீங்கி, உண்மை அன்பு ஒலிக்கிறது. ஒன்பது அடிக்குள் இரண்டு குரல்கள்.

பாட்டில் தொண்டைமான் பெயர் இல்லை. துறை வாண்மங்கலம், அரசனின் படைக்கலத்தை வாழ்த்தும் துறை. பாட்டின் அடிக்குறிப்பை எழுதி வைத்த முன்னோர், இடமும் கேட்போனும் இன்னார் எனக் காட்டியிராவிடில், இக்குரல் பிற்காலத்தார் செவிக்கு எட்டியிருப்பது ஐயமே. சொல்லில் மட்டும் குரல் இல்லை. சொல்லுக்கும் சூழலுக்கும் இடையே அது இருக்கிறது.

திருக்குறளின் கயமை அதிகாரத்துக்கும் இது பொருந்தும். 1072ஆம் குறள் கயவரைப் பேறுடையவர் என்கிறது, அவர் நெஞ்சில் கவலை இல்லாமையால். 1073ஆம் குறள் தேவரோடு ஒப்பிடுகிறது, இருவரும் விரும்பியபடி நடப்பதால். புகழ்வது போன்று பழித்தது என்று பரிமேலழகர் குறிப்புத் தருகிறார். ஆனால் 1078க்கு வரும்போது, கரும்பைப் போல நசுக்கினால்தான் பயன்படுவர் என்று கூறும் வள்ளுவரிடம் அந்தப் புன்னகை இல்லை. அதிகாரத்தை ஒருமுறை தொடர்ந்து வாய்விட்டுப் படித்தால், பொறுமை தீர்ந்துகொண்டே வருவது செவிக்குத் தெரியும். குறளைத் தனித்தனியே பிய்த்துப் போட்டி மேடையில் ஒப்பிக்கச் செய்வதால் இது மறைந்துபோகிறது.

குரலைக் கேளாதவன் நிலைமையைச் சிலப்பதிகாரத்துப் பாண்டியனே காட்டுகிறான். நீ யார் என்று அவன் கேட்க, கண்ணகி விடை சொல்கிறாள். வடிவத்தில் அது தன் ஊரும் பேரும் கூறும் அறிமுகமே. ஆனால் புறாவுக்காக உடலை அளித்தவனையும் கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்டவனையும் முன்னிறுத்தி, அவர்கள் ஊர் என் ஊர் என்று சொல்லி, தன் பெயரைக் கடைசியில் வைக்கும்போது, அது தீர்ப்பாகிவிடுகிறது. அரசன் சொற்களை மட்டும் கேட்டு, கள்வனைக் கொல்வது கொடுங்கோன்மை ஆகாது என்று விடையிறுக்கிறான். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த பின்னரே அவனுக்குக் காது கேட்கிறது.

பாரதியார் 1917இல் வெளிவந்த கண்ணன் பாட்டில், கண்ணனைச் சேவகனாகக் காட்டும் பகுதியை வீட்டுத் தலைவனின் அலுப்புக் குரலில் தொடங்குகிறார். வராமற்போன வேலைக்காரர் சொல்லும் சாக்குகளில் ஒன்று, பானைக்குள் இருந்த தேள் கடித்தது என்பது. தேள் கொட்டும், கடிக்காது. பொய்யன் என்று ஒரு சொல் சொல்லாமல் வினையொன்றை மாற்றியே பொய்யைக் காட்டிவிட்டார். இந்த முணுமுணுப்பு காதில் விழுந்தவர்க்கே, கண்ணன் வந்தபின் பாட்டில் பெருகும் நன்றியின் அளவு தெரியும்.

உரைநடைக்குக் கு. அழகிரிசாமி ஒருவர் போதும். 1950களில் கோலாலம்பூரில் தமிழ் நேசனில் பணியாற்றியவர் என்பதால் இம்மண்ணுக்கு அயலாரும் அல்லர். 'ராஜா வந்திருக்கிறார்' கதையில், செல்வர் வீட்டுச் சிறுவன் தன் அக்காள் கணவரான ராஜா தீபாவளிக்கு வந்திருப்பதைப் பெருமையாகச் சொல்கிறான். ஏழை வீட்டில், தெருவில் நின்ற ராஜா என்னும் அனாதைச் சிறுவனைக் குளிப்பாட்டி, தகப்பனாருக்கென்று வைத்திருந்த புதுத் துண்டையும் தாய் அவனுக்குக் கொடுத்திருக்கிறாள். அவ்வீட்டுச் சிறுமி மங்கம்மாள், எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறார் என்கிறாள்.

இவ்விடத்தை வகுப்பில் படிக்கும் ஆசிரியர் பலர் குரலைத் தழதழக்கச் செய்வர். அங்கே கதை கெடுகிறது. மங்கம்மாளுக்கு இரக்கம் தேடும் எண்ணம் எள்ளளவும் இல்லை. உன்னிடம் இருப்பது என்னிடமும் இருக்கிறது என்று போட்டியில் வென்ற குழந்தையின் துள்ளல் அது. அப்படியே படிக்க வேண்டும். கண்ணீர் கேட்பவன் பாடு.