பால் கேட்காத தேநீர்

பிள்ளைச்சாவடிக் கடற்கரை டீக்கடையில் ஊலாங் கேட்டால் சிரிப்பார்கள். அங்கே பாலும் சர்க்கரையும் தூக்கலான டஸ்ட் டீதான். உப்புக்காற்றுக்கு அது தோது, குறை சொல்லமாட்டேன். வீட்டில் மட்டும் எனக்கு நீலகிரி ஊலாங் வேண்டும்.

கருந்தேநீருக்கு இலையை முழுக்க ஆக்சிஜனேற விடுவார்கள். பச்சைத் தேநீருக்கு விடவே மாட்டார்கள். ஊலாங் நடுவாந்தரம். கொழுந்தை வாட்டி, குலுக்கி, ஓரம் சிவக்கத் தொடங்கியதும் சூடு காட்டி நிறுத்த வேண்டும். கொஞ்சம் அசந்தால் வாசம் போச்சு.

தைவானில் 1,000 மீட்டருக்கு மேல் விளைவதை உயர்மலை ஊலாங் என்பார்கள். நம் குன்னூரே ஏறக்குறைய 1,800 மீட்டர். குளிரிலும் மூடுபனியிலும் கொழுந்து மெதுவாக வளரும். துவர்ப்பு அடங்கும், தித்திப்பு ஏறும். மார்கழி, தை உறைபனிக்காலத்தில் பறித்தது என்றால் கேட்கவே வேண்டாம்.

கொதி அடங்கிய நீரை ஊற்றினால் முறுக்கிய இலை சோம்பல் முறித்து விரியும். தெளிந்த பொன்னிறச் சாறு. மூக்கருகே கொண்டுபோகும்போதே பூமணம். விழுங்கியபின் தொண்டையில் இனிப்பு தங்கும். அதே இலையில் மூன்று தரமாவது ஊற்றலாம். என் ஓட்டு இரண்டாவதற்கு. முதலாவது கொஞ்சம் கூச்சம், மூன்றாவது வெறும் மரியாதை. விலைதான் கையைக் கடிக்கும்.