முதல் பாகத்தோடு மூடி வைக்கலாமா? - நஜீப் மஹ்ஃபூஸின் கெய்ரோ நாவல்கள்

நஜீப் மஹ்ஃபூஸின் ‘பைனல் கஸ்ரைன்’ நாவலை ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு அதோடு நின்றுகொண்ட சிலரோடு பேசிப் பார்த்திருக்கிறேன். சொல்லும் காரணம் இரண்டுதான். “ஃபஹ்மி மௌத்தானதோட கதை முடிஞ்சிட்டு, இனி என்ன?” என்பது ஒன்று. மற்றது கொஞ்சம் கோபத்தோடு வருவது: “வீட்டுல தொழுகையும் அதட்டலும், வெளியில குடியும் கூத்தும். இந்த மனுசனோட இன்னும் எழுநூறு பக்கமா?”

இரண்டும் நியாயமான கேள்விகள். முதற் பாகம் 1917 முதல் 1919 வரையான கதை. ஸஅத் ஸக்லூல் விடுதலையானதைக் கொண்டாடும் அமைதியான ஊர்வலத்தில் மகன் ஃபஹ்மி ஆங்கிலேயரின் குண்டுக்குப் பலியாகிறான். தனி நாவலுக்கு இதைவிட நல்ல முடிவு கிடைக்காது. (இளமையில் ஒறாபி பாஷாவின் எழுச்சியில் நின்றவர் ஸக்லூல். 1883 முதல் 1901 வரை இந்நாட்டில் நாடுகடத்தப்பட்டு வாழ்ந்த அதே ஒறாபிதான். நமக்கு இது அவ்வளவு தூரத்துக் கதை அல்ல.)

ஆனால் மஹ்ஃபூஸ் இதைத் தனி நாவலாக எழுதவில்லை. 1952இல் ஒரே நூலாக எழுதி முடித்தார். பருமன் அதிகமென்று பதிப்பாளர் தயங்கியதால் 1956-57இல் மூன்றாகப் பிரிந்து வந்தது. ஆகவே முதற் பாகத்தோடு நிறுத்துபவர், வழக்கைப் பாதி கேட்டுவிட்டு எழும்பிப் போகிறவர்தான்.

வழக்கு என்று சொல்வது அஹ்மத் அப்துல் ஜவாதின் வழக்கை. பதினான்கு வயதாகுமுன்னே அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஆமினா, தெருவை மரச்சல்லடை ஜன்னல் வழியாகவே பார்த்து வாழ்கிறாள். கணவர் போர்ட் சயீதுக்குப் போயிருந்த சமயம் கடைக்குட்டி கமாலோடு ஹுஸைன் பள்ளிக்குப் போய்வர ஆசைப்படுகிறாள். திரும்பும் வழியில் கார் மோதித் தோள்பட்டை எலும்பு முறிகிறது. எலும்பு சேரும்வரை பொறுத்திருந்த கணவர், பிறகு “உம்மா வீட்டுக்குப் போ” என்கிறார். முதற் பாகத்தில் இதற்கு உருப்படியான தண்டனை எதுவும் அவருக்கு இல்லை. மகன் மௌத்தான துக்கத்தில் அவர்மீது நமக்கு இரக்கமே வந்துவிடுகிறது. இதோடு மூடினால் மனதில் நிற்பது கம்பீரமான ஒரு வாப்பாதான். எனக்குப் பயம் அங்கேதான். நம் வீடுகளிலும் அந்தக் கம்பீரத்தைப் புகழ ஆள் குறைவில்லை.

கதை திரும்புவது மூன்றாம் பாகமான ‘ஸுக்கரிய்யா’வில். நோயில் விழுந்த மனுசன் இப்போது அதே ஜன்னலடியில் குந்தியிருந்து தெருவைப் பார்க்கிறார். ஆமினா நாள்தோறும் பள்ளிகளுக்கும் ஸியாரங்களுக்கும் போய்வருகிறாள். அவள் சுணங்கினால் இவர் முறுமுறுக்கிறார். மஹ்ஃபூஸ் இதற்கு ஒரு விளக்கமும் எழுதவில்லை; இருவரையும் இடம் மாற்றிவைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். முதற் பாகத்தின் பாரத்தைச் சுமந்து வந்தவருக்கு மட்டுமே அந்தக் காட்சி நெஞ்சில் இறங்கும்.

இடையில் இரண்டாம் பாகம், ‘கஸ்ருஷ் ஷவ்க்’. பலர் கைவிடுவது இங்கேதான், அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. கமால் செல்வந்தர் வீட்டு ஆயிதாமீது கொண்ட ஒருதலைக் காதல் இழுத்துக்கொண்டே போகிறது. அந்த அத்தியாயங்களை வேகமாகத் தள்ளலாம். தள்ளக் கூடாதது, கமால் டார்வின் பற்றிப் பத்திரிகையில் எழுதியதை வாப்பா கண்டுபிடிக்கும் இடம். நம்மில் சிலர் இதை மார்க்கத்தின் மீதான தாக்குதல் என்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. வாப்பாவின் ஈமானிய வேதனை போலியில்லை; ஆனால் மகன் வாய் திறந்து உண்மை பேச அந்த வீட்டில் ஒருநாளும் இடமிருந்ததில்லை. நழுவல் பதில்தான் அவனிடமிருந்து வருகிறது.

மூன்றாம் பாகத்திலும் குறையுண்டு. பேரன்களில் ஒருவன் இஹ்வான், மற்றவன் இடதுசாரி. இருவரும் சில இடங்களில் மனிதராகப் பேசாமல் பத்திரிகைத் தலையங்கமாகப் பேசுகிறார்கள். இருந்தாலும் இரு சகோதரர்களும் ஒரே சிறைக்குள் தள்ளப்படும்போது அந்தக் குறை மறந்துபோகிறது.

மூன்றில் அதுவே மெலிந்த நூல். இரண்டாவதில் களைத்தவர் அதைத் திறக்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.