ஒரு மில்லிமீட்டர்

என் கணினியில் 'தேறியவை' என்று ஒரு கோப்புறை இருக்கிறது. பல வருடங்களாக வீட்டுப் பின்கட்டில் எடுத்த பூ, பூச்சிப் படங்களில் நாலு பேருக்குக் காட்டலாம் என்று தோன்றியவை அதில் கிடக்கின்றன. அவற்றில் அதிகம் பாராட்டு வாங்கியது ஒரு தாவும் சிலந்தியின் படம். எட்டுக் கண்களும் கண்ணாடிக் குண்டுகள் மாதிரி மின்னும். முகத்து ரோமங்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். படம் எடுக்கும் நண்பர்கள் குழுவில் அதைப் போட்ட அன்று, "எப்படி சார் இவ்வளவு ஷார்ப்பா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அம்மாவிடமும் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏன்டா, இது உசுரோட இருக்கா?" என்றாள்.

இல்லை. அது உயிரோடு இல்லை. அதை அப்போது நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

நெருக்கப் படங்களை மேம்படுத்துவது எப்படி என்று சொல்லித்தரும் கட்டுரைகளும் காணொளிகளும் இப்போது ஏராளம். நானும் அவற்றைப் படித்து வளர்ந்தவன்தான். கண்ணில் ஃபோகஸ் வை, சட்டகத்தை நிரப்பு, பின்னணியைச் சுத்தமாக்கு, ஒளியை மென்மையாக்கு என்று எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அறிவுரைதான். தப்பு என்று எதையும் சொல்ல முடியாது. ஆனால் 'மேம்பாடு' என்ற சொல்லுக்கு இவை எடுத்துக்கொள்ளும் பொருள் என்ன என்பதை யாரும் நின்று கேட்பதில்லை. அந்தச் சிலந்திக்குப் பிறகு எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

பிரச்சினையின் வேர் ஒரு மில்லிமீட்டரில் இருக்கிறது. பூச்சியின் உருவம் அதன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும் நிலையை ஒன்றுக்கு ஒன்று என்கிறோம். முழு அளவு சென்சார் உள்ள கேமராவில், அந்த நிலையில், எஃப்/11 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 1.3 மில்லிமீட்டர். சிலந்தியின் நீளமோ ஏழெட்டு மில்லிமீட்டர். கண் தெளிந்தால் வயிறு மங்கும். துளையை இன்னும் சுருக்கலாமே என்றால் அதற்கும் வழியில்லை. ஒன்றுக்கு ஒன்றில் எஃப்/11 என்பது நடைமுறையில் எஃப்/22 போல நடந்துகொள்ளும். அதற்கு மேல் சுருக்கினால் ஒளி துளையின் விளிம்பில் சிதறி, படம் முழுக்கவே கூர்மை போய்விடும். இயற்பியல் போட்ட வேலி இது. காசு கொடுத்துத் தாண்ட முடியாது.

தாண்டுவதற்குக் கண்டுபிடித்த குறுக்குவழிதான் அடுக்குதல். ஃபோகஸை இம்மி இம்மியாக நகர்த்தி இருபது, ஐம்பது படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவாக விழுந்த பகுதியை மட்டும் மென்பொருளால் ஒட்டிச் சேர்ப்பது. அதற்கு ஒரே ஒரு நிபந்தனை, பூச்சி அசையக் கூடாது. அசையாத பூச்சி எங்கே கிடைக்கும்? இங்கேதான் அறிவுரைகள் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றன. "ஃப்ரிட்ஜுல பத்து நிமிஷம் வச்சா போதும், மயங்கிடும், அப்புறம் தானா எந்திரிச்சு போயிடும்" என்றார் எனக்கு மூத்த ஒருவர். நான் ஒரு சின்ன டப்பாவில் சிலந்தியைப் பிடித்து வைத்தேன். அதற்குள் ஒரு தொலைபேசி அழைப்பு. பேசிவிட்டு வந்து திறந்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. எட்டுக் கால்களும் உள்நோக்கி மடங்கிக் கிடந்தன. சிலந்தி காலை நீட்டுவது உடல் திரவத்தின் அழுத்தத்தால். உயிர் போனால் அழுத்தமும் போய்விடும், கால்கள் சுருண்டுகொள்ளும். நான் அதை வெளியே போட்டுவிட்டு வேறு வேலை பார்த்திருக்கலாம். செய்யவில்லை. ஊசிமுனையால் கால்களை நீட்டி, ஒரு செம்பருத்தி இலைமேல் உட்காரவைத்து, நாற்பது படங்கள் எடுத்து அடுக்கினேன். அதுதான் எல்லோரும் பாராட்டிய படம்.

இறந்த பூச்சியைப் படம் எடுப்பதே குற்றம் என்று சொல்ல வரவில்லை. லெவன் பிஸ் என்ற பிரிட்டிஷ் புகைப்படக்காரரின் 'மைக்ரோஸ்கல்ப்சர்' தொகுப்பு 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தது. ஒவ்வொரு பூச்சிக்கும் சுமார் 8000 படங்கள். நுண்ணோக்கி வில்லையைக் கேமராவில் பொருத்தி, ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 10 மைக்ரான் மட்டும் நகர்த்தி, உடலை முப்பது பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக ஒளி அமைத்து எடுத்தவை. வண்டின் முதுகில் மலைத்தொடரும் பள்ளத்தாக்கும் தெரிகின்றன. எல்லாம் அருங்காட்சியகச் சேகரிப்பில் ஊசி குத்தி வைத்திருந்த மாதிரிகள். அதை அவர் மறைக்கவில்லை. கறுப்புப் பின்னணியில் மிதக்கும் அந்த வண்டு எந்தத் தோட்டத்திலும் உட்கார்ந்திருப்பதாக நடிக்கவில்லை. அதன் கூர்மை ஓர் உடலமைப்பைப் பற்றிய கூர்மை. அந்த அளவில் அது நேர்மையான படம்.

இன்னும் பின்னால் போனால் கார்ல் பிளாஸ்ஃபெல்ட். பெர்லினில் செடிகளைப் பார்த்து வடிவம் செய்யக் கற்றுக்கொடுத்த ஆசிரியர். பாடத்துக்குத் துணையாக முப்பது வருடங்களுக்கு மேல் செடிகளைப் படம் எடுத்தார். 1928-இல் வந்த அவருடைய 'கலையின் ஆதி வடிவங்கள்' புத்தகத்துக்கு அதே ஆண்டில் வால்டர் பெஞ்சமின் மதிப்புரை எழுதினார். சுருண்ட பெரணித் தளிரும் பூசணியின் பற்றுக்கம்பியும் அதில் இரும்பு வேலைப்பாடு போல நிற்கின்றன. தண்டை வெட்டி, வேண்டாத இலைகளைக் கிள்ளி எறிந்து, வெறும் அட்டை முன்னால் நிறுத்தித்தான் எடுத்தார். நீக்கி நீக்கித்தான் மேம்படுத்தினார். மாணவர்களுக்கு வேண்டியது வடிவம். மற்றதை அவர் விட்டுவிட்டதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல், இந்த இருவரின் வழிமுறையை எடுத்துக்கொண்டு, "இன்று காலை என் தோட்டத்தில்" என்று தலைப்பு போடும்போது ஆரம்பிக்கிறது. அந்த நாலு சொல்லில்தான் என் பொய் இருந்தது.

இரண்டாவது அறிவுரையான சட்டகத்தை நிரப்புவதற்கு வருவோம். எங்கள் பின்கட்டு வேலியோரம் ஓர் எருக்கஞ்செடி உண்டு. அதன் குருத்தில் மஞ்சள் அசுவினிகள் அப்பிக்கொண்டிருக்கும். அவை சாற்றை உறிஞ்சிக் கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் வரும். அசுவினிகளைத் தின்னப் பொறிவண்டு வரும். எறும்பு அதை விரட்டப் பார்க்கும். ஒரு விரல் நீளத் தண்டில் இவ்வளவு நடக்கிறது. சட்டகம் முழுக்கப் பொறிவண்டை நிரப்பினால் கிடைப்பது சிவப்பாக ஒரு பொத்தான். எனக்கு இதற்கு வழி காட்டியது பின்னால் நகர்வதுதான். ஒன்றுக்கு ஒன்றிலிருந்து பாதி உருப்பெருக்கத்துக்கு இறங்கினால், அதே எஃப்/11-இல் தெளிவின் ஆழம் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. அடுக்க வேண்டியதில்லை. எறும்பும் அசுவினியும் பொறிவண்டும் ஒரே படத்தில் இருக்கும். நிறையப் பேர் கூர்மைக்காகப் படும் பாட்டில் பாதி, தேவைக்கு மேல் நெருங்கியதால் வருவது.

கறுப்புப் பின்னணியும் அப்படித்தான். ஃபிளாஷ் வெளிச்சம் தூரம் கூடக் கூட வேகமாகக் குறைந்துவிடும். பூச்சி பளிச்சென்று விழும், ஓரடி தள்ளியிருக்கும் செடி இருட்டாகிவிடும். பட்டப்பகலில் பூவில் தேன் எடுக்கும் ஈ, படத்தில் நடுராத்திரியில் உட்கார்ந்திருக்கும். இதை 'நாடகீயம்' என்று பாராட்டுகிறோம். பின்னால் ஒரு பச்சை இலை வரும்படி கோணத்தை மாற்றினாலே பகல் திரும்பிவிடும். வெயிலுக்கு என்னிடம் இருப்பது அப்பாவின் பழைய வேட்டி. நாலாக மடித்தால் கனம், இரண்டாக மடித்துப் பிடித்தால் செம்பருத்திக்குச் சரியாக இருக்கும். செம்பருத்தி கேமராவை ஏமாற்றும் பூ. சிவப்பு மட்டும் முந்திக்கொண்டு நிரம்பி, இதழின் நரம்பெல்லாம் அழிந்து, குங்குமத்தைக் கொட்டியது போல ஆகிவிடும். வெளிச்சத்தை ஒரு படி குறைத்து எடுத்தால் நரம்புகள் திரும்ப வரும். இந்த மாதிரி மேம்பாட்டில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. பூவில் இருப்பதைத்தான் அது மீட்டுத் தருகிறது.

அசையாத பூச்சிக்கும் ஃப்ரிட்ஜ் தேவையில்லை என்பதைப் பிறகுதான் கற்றேன். நீலப்பட்டைத் தேனீக்களில் ஆண்கள் கூட்டுக்குப் போவதில்லை. சாயங்காலம் ஒரு காய்ந்த குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு, கால்களைத் தொங்கவிட்டுத் தூங்கிவிடும். காலை வெயில் ஏறி உடம்பு சூடாகும்வரை அப்படியேதான் இருக்கும். எந்தக் குச்சி என்று சாயங்காலமே பார்த்து வைத்துக்கொண்டு, விடிந்ததும் போனால் இருபது படங்கள் நிதானமாக எடுக்கலாம். காற்று அடித்தால் வீண். அன்றைக்கு வெறுங்கையோடு திரும்பிவர மனசு வேண்டும். அறிவுரைப் பட்டியல்களில் நான் காணாத அறிவுரை இதுதான்.

தாவும் சிலந்தியையும் மறுபடி எடுத்தேன், உயிரோடு. அது அசையும். நாம் நகர்ந்தால் தலையைத் திருப்பிப் பார்க்கும். அதன் பெரிய கண்களுக்குள் விழித்திரையே நகர்வதால், சிலவற்றில் கண்ணின் நிறம் கறுப்பிலிருந்து பழுப்புக்கு மாறுவதைக் கூட வெளியிலிருந்து பார்க்கலாம். என் பழைய படத்தில் எட்டுக் கண்களும் தெளிவாக இருந்தன, எதுவும் எதையும் பார்க்கவில்லை. அம்மா கண்டுபிடித்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். புதிய படத்தில் இரண்டு கண்கள் மட்டும் தெளிவு, வயிறு மங்கல், ஒரு கால் சட்டகத்துக்கு வெளியே. குழுவில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அம்மா பார்த்துவிட்டு, "இது முறைக்குதுடா" என்றாள். பழைய படத்தின் கதையையும் அன்றுதான் சொன்னேன். "பாவம்டா" என்றாள், அவ்வளவுதான்.

பழைய படத்தை அழிக்கவில்லை. அழித்தால் அதுவும் இன்னொரு மறைப்பாகிவிடும். தலைப்பை மட்டும் மாற்றிக் குழுவில் மறுபடி போட்டேன்: "தாவும் சிலந்தி. குளிர்பெட்டியில் இறந்தது. கால்களை நீட்டியது நான். நாற்பது படங்களின் அடுக்கு."