மண்டபமும் மணலும்

ருடோல்ஃப் அக்கர்மன் 1808 முதல் 1810 வரை வெளியிட்ட ‘இலண்டன் நுண்ணுலகம்’ என்னும் தொகுதியில், செல்சியிலிருந்த படைத்துறைப் பள்ளியின் உட்புறத்தைக் காட்டும் வர்ண அச்சோவியம் ஒன்றுண்டு. இத்தொகுதியிற் கட்டடங்களைப் பூஜினும் மனித உருவங்களை றோலண்ட்சனும் வரைந்தனர். செப்புத் தகட்டில் அமிலங்கொண்டு பொறித்து அச்சிட்ட தாள்களுக்குக் கையால் வர்ணம் தீட்டப்பட்டது.

இவ்வுழைப்புப் பிரிவினையே ஓவியத்தின் பொருளையும் நிர்ணயிக்கின்றது. மண்டபத்தின் அளவும் ஒழுங்கும் மேலோங்க, 1801 இல் நிறுவப்பட்ட அப்புகலிடத்திற் பயின்ற போர்வீரர்தம் பிள்ளைகள் சிறு உருவங்களாகச் சுருங்கிவிடுகின்றனர். காண்போர் மனத்தில் எஞ்சுவது அவர்களைப் புரந்த அரசின் பெருமையே.

ஆயின், அப்பள்ளி கையாண்ட போதனாமுறை அம்மண்டபத்திற் பிறந்ததன்று. 1789 இல் சென்னைப் படைத்துறை அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற அண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றிற் பிள்ளைகள் மணலில் எழுதப் பழகுவதைக் கண்டார். மாணாக்கரே மாணாக்கருக்குக் கற்பிக்கும் முறையைத் தம் இல்லத்திற் செயற்படுத்தி, 1797 இல் இலண்டனில் அதனை நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ எனப் பெயர்பெற்ற அது செல்சியையும் அடைந்தது. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையை அறிந்தோருக்கு அது புதுமையன்று.

எனினும் அம்மணலின் சுவடு ஓவியத்தில் யாண்டும் இல்லை. கலைப்படைப்பை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர், அது காட்டுவதோடு காட்டாது விட்டதையும் வினவுதல் வேண்டும்.