யானை கொன்ற கவியா?

அண்மையில் செந்தூலில் நடந்த பாரதி விழாவொன்றில் அன்பர் ஒருவர், திருவல்லிக்கேணிக் கோயில் யானை மிதித்தே பாரதியார் மாண்டார் என்று உருக்கமுடன் பேசினார். கேட்டோர் கண் கலங்கினர். உண்மை அறிந்திருந்தும் எழுந்து மறுக்க நமக்குத் துணிவு பிறக்கவில்லை. அந்த வெட்கமே இதனை எழுதத் தூண்டியது.

நடந்தது யாது? 1921ஆம் ஆண்டின் நடுவில், தாம் தின்பண்டம் கொடுத்துப் பழகிய யானை பாரதியாரைக் கீழே தள்ளியது மெய்யே. குவளைக் கண்ணன் அவரை மீட்டார். காயம் ஆறியது, கவிஞர் சுதேசமித்திரன் அலுவலுக்குத் திரும்பினார். அவ்வாண்டு ஜூலை இறுதியில் ஈரோட்டுக் கருங்கல்பாளையம் சென்று, மனிதனுக்கு மரணமில்லை என்னும் பொருள் பற்றிச் சொற்பொழிவும் ஆற்றினார். பின்னர் வயிற்றுக்கடுப்பு கண்டு, செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்து 12ஆம் நாள் பிறந்தபின் உயிர் நீத்தார். அப்போது வயது 38.

யானைக்கும் சாவுக்கும் இடையே நின்ற அவ்வாரங்களை விழுங்கியவர் யார்? சரித்திரக்காரரே! வீரனுக்கு வயிற்றுக்கடுப்பால் சாவதா என்று அவர்கள் மனம் கூசியது போலும். இரு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்த வரிகளில் வைத்தனர். மேடைப் பேச்சாளர் அவ்வரிகளை ஒட்டிவிட்டனர்.

இதனினும் கொடியது செல்லம்மாளுக்கு இழைத்த அநீதி. சமைக்க வைத்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்த கதையை அறியாதார் இலர். அதில் கணவர் ஞானி. மனைவியோ உலகறியாத பேதை. அரிசிக்கு அலைந்தவள் பசி எவர் கணக்கில் ஏறிற்று? தோட்டத்தில் அரிசிக் கணக்கு எழுதிய கிராணிகளாகிய நாம் கேட்கிறோம். கணவர் மறைந்த மறு ஆண்டே, 1922இல், பாரதி ஆச்ரமம் கண்டு சுதேச கீதங்களை அச்சேற்றியவர் அந்த அம்மையாரே. அவர் சொல்ல, மகள் தங்கம்மாள் எழுதிய சரித்திரம் 1941இல் வந்தது. வ.ரா.வின் நூலோ 1944இல்தான் புத்தகமாயிற்று. முந்தியதை விட்டுக் கதையைப் பிடித்துக்கொண்டோம்.

கல்லூரியில் ஆங்கிலக் கவிகளின் வரலாறு பயின்ற நாளிலும் இதே நோயைக் கண்டோம். மக்கள் விரும்புவது மனிதனையன்று. தம் மனத்துக்கிசைந்த பதுமையை.

தோழர்களே! அடுத்த பாரதி விழாவில் யானைக் கதை எழுமாயின், மரியாதையுடன் எழுந்து மறுப்போம். கவிஞருக்குப் பொய்யான வீரச்சாவு வேண்டுவதில்லை. செல்லம்மாளுக்கு மெய்யான பெருமை வேண்டும்.