திருடிய ஓரடி: 'ஃபைவ் ஃபீட் அபார்ட்' பற்றி ஒரு குறிப்பு

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் பற்றிக் குறிப்பெடுத்துக்கிட்டிருந்தப்போ, ஜஸ்டின் பால்டோனி இயக்கி 2019 மார்ச்சில் வந்த இந்த அமெரிக்கப் படத்தைத் திரும்பவும் பார்த்தேன். முதல் தடவை கண் கலங்கிச்சு. இந்தத் தடவை கோபம்தான் வந்தது. ஏன்னு எழுதிப் பார்க்கிறேன்.

நோயைச் சுருக்கமாகச் சொன்னால், சிஎஃப்டிஆர் என்ற மரபணுவில் பழுது. சளி பசை மாதிரிக் கெட்டியாகி நுரையீரலை அடைக்கும். அதில் கிருமி குடியேறும். கணையக் குழாயும் அடைபடுவதால் பெரும்பாலானவர்களுக்கு ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும் என்சைம் மாத்திரை வேண்டும். அதுபோக நெபுலைசரில் உப்புக்கரைசல், சளியை இளக்கும் மருந்து, ஆன்டிபயாட்டிக். மார்பை அதிர வைக்கும் வெஸ்ட். நாளுக்குச் சுமார் இரண்டு மணி நேரம் இதுக்கே போகும். பொங்கலோ தீபாவளியோ, லீவே கிடையாது.

படத்தின் முதல் பாதிக்கு இது நல்லாத் தெரிஞ்சிருக்கு. ஸ்டெல்லா மருந்து வண்டியை ஒழுங்காக அடுக்கி வைக்கிறாள். வில் சிகிச்சையில் அசட்டையாக இருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. ரெண்டு பேரும் ஆளுக்கொரு அறையில் இருந்தபடி, வீடியோ காலில் ஒரே நேரத்தில் சிகிச்சை எடுத்துக்கிறாங்க. என்னைக் கேட்டால் படத்தின் உண்மையான காதல் காட்சி அதுதான். எங்க வீட்டிலும் அம்மாவின் ஆஸ்துமாவுக்கு நெபுலைசர் உண்டு. அந்த இரைச்சலில் பேச முடியாது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம், அவ்வளவுதான். "இன்னிக்கு ஒரு நாள் வேணாமே" என்று அம்மா சொல்லும்போது என்ன பதில் சொல்றதுன்னு எனக்கு இன்னும் தெரியலை. அந்த இடத்தைப் படம் தொட்டது. அங்கேயே நின்றிருக்கலாம்.

நிற்கவில்லை. இந்த நோயுள்ள இருவர் ஒருவருக்கொருவர் குறைந்தது ஆறடி தள்ளியிருக்கணும் என்பது அமெரிக்காவின் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஃபவுண்டேஷன் 2013-ல் வகுத்த விதி. ஒருவர் நுரையீரலில் உள்ள கிருமி இன்னொருவருக்குத் தொற்றாமல் இருக்கத்தான் அது. வில்லுக்கு இருப்பது பர்க்ஹோல்டேரியா செபாசியா. பல மருந்துக்கு மசியாத கிருமி. அது இருந்தால் நுரையீரல் மாற்று அறுவைக்கே பல மருத்துவமனைகள் தயங்கும். அந்த ஆறடியில் ஓரடியைத் திருடுவதைப் படம் வீரமாகக் காட்டுகிறது. நோய் எவ்வளவோ திருடிடுச்சு, நாமும் கொஞ்சம் திருடலாம் என்கிற ஆத்திரம் புரியுது. ஆனால் திருடு போறது நோயின் சொத்து இல்லை, ஸ்டெல்லாவின் நுரையீரல்.

முடிவில் பனி உடைந்து அவள் தண்ணீரில் விழ, வில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கிறான். கிருமி தொற்றவில்லை. சரியாக அதே ராத்திரி மாற்று நுரையீரலும் வந்துவிடுகிறது. ஒரு மணி நேரமாக நம்மைப் பயமுறுத்திய விதியைக் கதையே கைவிட்டால், அதுவரை பட்ட பயத்துக்கு என்ன மதிப்பு?

பால்டோனியின் 'மை லாஸ்ட் டேஸ்' தொடரில் வந்த கிளேர் வைன்லேண்ட் இதே நோயோடு வாழ்ந்தவர். மாற்று அறுவைக்குப் பிறகு 2018-ல், 21 வயதில் இறந்தார். இருந்த காலமெல்லாம் அவர் பேசியது நோயோடு எப்படி வாழ்வது என்பதைப் பற்றித்தான். அவரை அறிந்தவரின் படம் கடைசியில் சாவின் அழகுக்குப் போய்ச் சேர்ந்ததுதான் வருத்தம்.

இன்னொன்று. படம் வந்த ஏழே மாதத்தில், 2019 அக்டோபரில், டிரைகாஃப்டா மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நோயாளிகளில் சுமார் 90 சதவீதம் பேருக்குப் பயன்படக்கூடியது; பலருக்கு வாழ்க்கையே மாறிப்போச்சு. அப்போது ஆண்டுக்கு அதன் பட்டியல் விலை சுமார் 3,11,000 டாலர். மாத்திரை கிடைத்தவருக்கும், வாங்க முடியாதவருக்கும், மரபணுப் பிழை வேறாக இருப்பதால் அது வேலை செய்யாதவருக்கும் இடையில் உள்ள தூரம் ஐந்தடியா ஆறடியா என்று அளக்கிற தூரம் இல்லை. அந்தப் படத்தை இனிமேல்தான் யாராவது எடுக்கணும்.

அதுவரை இதைப் பார்க்கலாம். ஆனால் அந்த வீடியோ கால் காட்சியை அவசரப்படாமல் பாருங்க.